பொடனியப் பாரு கண்ணு

ஏங் கண்ணு, நேத்து ராத்திரி எத்தன தடவ செத்த? சொல்லு, வெக்கப்படாத. இந்தக் கம்ப்யூட்டர் விமானச் சண்டையில செத்தா கருமாதி கெடையாது, காரியம் கெடையாது. ஒரு பொத்தான அமுக்குனா அடுத்த ஸ்பிட்ஃபயர் தயாரா நிக்குது. அந்த வசதி இருக்கறதுனாலதான் நீ எதையும் கத்துக்காம செத்துட்டே இருக்கற.

கேட்டா காரணம் கைவசம் வச்சிருக்க. பிங் சாஸ்தி. சர்வர் சரியில்ல. கேம் பண்ணுனவன் ஜெர்மன்காரனுக்குச் சாதகமாப் பண்ணிப்போட்டான். ஜெர்மன் பக்கம் பறக்கற பயலக் கேட்டா, இங்கிலீஷ்காரனுக்குச் சாதகமாப் பண்ணிப்போட்டான்ங்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளாவது கூடத்த மட்டுந்தான் சொன்னா. நீ கூடம், திண்ண, வாசல் அத்தனையும் கோணல்ங்கற.

அப்பறம் இந்தச் சாமான் வாங்கற கூத்து. மொதல்ல ஒரு ஜாய்ஸ்டிக். அது பிளாஸ்டிக்குன்னு இரும்புல இன்னொண்ணு. கைக்கு த்ராட்டில், காலுக்குப் பெடல், வரிசையாப் பொத்தான் வச்ச பலக, குண்டு பட்டா குலுங்கற நாற்காலி. உன்ற ரூம்புக்குள்ள வந்தா மேசைக்கு இந்தப் பக்கம் விமானப்படை, அந்தப் பக்கம் நேத்துத் தோச தின்ன தட்டு. இத்தனையும் வாங்கி வச்சுட்டு, ஒருத்தனும் மாட்ட மாட்டேங்கறான் அப்பாருங்கற. எப்படி மாட்டுவான்? இது வரைக்கும் கரெக்டா ஒரு ஆள வீழ்த்துனது அந்தச் சாமான் விக்கறவன் மட்டுந்தான்.

திருகுனா விமானத்தோட வால் சுக்கான், அதான் ரட்டர், திரும்பற சாதா ஜாய்ஸ்டிக் போதும் கண்ணு. ஒரே ஒரு சாமானுக்கு வேணா நான் பரிஞ்சு பேசுவேன். நம்ம தல திரும்புற பக்கம் திரையில பார்வையும் திரும்புமே, ஹெட் ட்ராக்கிங்னு, அது. காசு இருந்தா அத வாங்கு. இல்லீன்னா ஜாய்ஸ்டிக் மேல இருக்கற சின்னக் குமிழ வச்சு இப்பிடியும் அப்பிடியும் பாத்துப் பழகு. இந்தத் தொழில்ல கைய விடக் கண்ணுதான் பெருசு.

நம்பலியா? எரிக் ஹார்ட்மன்னு ஒரு ஜெர்மன்காரன். ரெண்டாம் உலகப்போர்ல 352 விமானம் அவன் கணக்குல. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் எவனும் அந்த எண்ணத் தொட்டதில்ல. அத்தன பேருகூடயும் வானத்துல கிறுகிறுன்னு சுத்தி மல்லுக்கட்டியிருப்பான்னுதான நெனைக்கற? அதுதான் இல்ல. அவனுக்கு நாலே வேல. பாரு. யோசி. அடி. அப்பறம் வெலகிப் போ, இல்லீன்னா காப்பி குடி. தமாசு பண்ணல சாமி, காப்பி குடிக்கறதயும் வரிசையில சேத்துத்தான் அவன் சொல்லி வச்சிருக்கான். தோது சரியில்லையா, ஓரமாப் போயிருவான். தன்கிட்ட விழுந்தவங்கள்ல முக்காவாசிக்கும் மேல தன்னப் பாக்கவே இல்லீன்னு பின்னால சொன்னான்.

பாக்காதவனத் தேடி அவன் அடிச்சான். நீ என்னடான்னா, உன்னய நல்லாப் பாத்துட்டவன்கிட்டப் போயி வம்பு பண்ணிட்டு நிக்கற.

கோழிக்குஞ்சத் தூக்கற பருந்தப் பாத்திருக்கியா? எங்க பாத்திருப்ப, நீ சன்னலத் தொறந்தே மாசமாச்சு. அது வாசல்ல எறங்கி நின்னு சேவகூட மல்லுக்கட்டி நான் பாத்ததே இல்ல. ஒசக்க சுத்தும். வெயில முதுகுல வச்சுக்கும். ஒரே எறக்கம், ஒரே ஏத்தம். குஞ்சு கெடச்சாலும் மேல போயிரும், கெடைக்கலீன்னாலும் மேல போயிரும். தப்பிச்சுட்டுதேன்னு ரோசப்பட்டு மண்ணுல நின்னு கோழியத் தொரத்துன பருந்து எந்த ஊர்லயாச்சும் உண்டா?

இத 1916-லயே ஒருத்தன் காயிதத்துல எழுதிட்டான். ஓஸ்வால்ட் போல்கேன்னு பேரு, ஜெர்மன்காரன். அன்னிக்கு விமானம்னா மரச்சட்டமும் துணியுந்தான். எட்டு விதி எழுதுனான். அடிக்கப் போறதுக்கு முன்னால தோது எல்லாம் உன்ற பக்கம் இருக்கட்டும், சூரியன முதுகுக்குப் பின்னால வையி. கிட்டப் போயிச் சுடு. எதிரி மேல வச்ச கண்ண எடுக்காத, விழறாப்ல நடிப்பான், ஏமாந்துராத. பின்னாலிருந்து அடி. உன்ற மேல எவனாச்சும் மேலிருந்து பாஞ்சா பொடனியக் காட்டிட்டு ஓடாத, திரும்பி அவன் மூஞ்சிக்கு நேராப் போ. அடுத்தவன் மண்ணுக்கு மேல பறந்தா திரும்பி வர்ற வழிய மறக்காத, இது ஏழாவது. ஒருத்தனையே ரெண்டு பேரு தொரத்தாதீங்க, இது எட்டாவது.

இப்ப கூத்தப் பாரு. 1916 அக்டோபர் 28. போல்கேயும் அவங் கூட்டாளி எர்வின் பூமேயும் ஒரே இங்கிலீஷ் விமானத்துக்குப் பின்னால போறாங்க. நடுவுல இன்னொரு விமானம் குறுக்க விழுகுது. ரெண்டு பேரும் வெலகறப்ப, பூமேயோட சக்கரம் போல்கேயோட றெக்கையில பட்டுருது. அவ்வளவுதான். 40 விமானம் வீழ்த்துனவன், எதிரி கையால சாகல.

அவன்கிட்டப் பாடம் படிச்ச பையன்தான் ரிக்டோஃபன். செவப்பு விமானம், 80 வெற்றி, உன்ற கேம்ல கூட பாதிப் பயலுக அவம் பேர வச்சுட்டுத் திரியறானுகளே, அவனேதான். 1918 ஏப்ரல் 21-ல ஒரு கனடாக்காரப் புதுப்பையனத் தொரத்திட்டே கீழ கீழ எறங்கி, எதிரி மண்ணுக்கு மேல தாழப் பறந்தான். ஒத்தக் குண்டு. அது தரையிலிருந்து வந்துச்சா, பின்னால வந்த விமானத்துலிருந்து வந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் வழக்கு ஓயல. எழுதுன வாத்தியார் எட்டாம் விதியில போனான். படிச்ச பையன் ஏழாம் விதியில போனான். அவனுகளுக்கே அந்த கதின்னா, வீடியோவ ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிப் பாக்கற உனக்கு?

தொரத்துறப்பக் கண்ணுக்கு முன்னால இருக்கறவன் மட்டுந்தான் தெரியும். காதும் கேக்காது. ராத்திரி உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டுச்சே, எத்தன தடவைன்னு தெரியுமா? ஒண்ணுகூட உன்ற காதுல ஏறல. பெத்த தாயி கத்துனதே கேக்காதவனுக்கு, பொடனிக்குப் பின்னால சத்தமில்லாம வர்ற ஜெர்மன்காரனோட 109 விமானம் எப்படித் தெரியும்?

ஸ்பிட்ஃபயர் ஓட்டுன மாலன்னு ஒரு தென்னாப்பிரிக்காக்காரன். முன்னால கப்பல்ல வேல பாத்தவன், அதனால கூட இருந்தவங்க மாலுமின்னே கூப்பிட்டாங்க. அவன் எழுதி வச்ச பத்து விதியில ஒண்ணு: சண்ட நடக்கற எடத்துல 30 நொடிக்கு மேல நேரா ஒரே மட்டத்துல பறக்காத. நீ எப்படிப் பறக்கற? நோம்பிக்கு ஒறம்பர ஊட்டுக்குப் போறாப்ல நேரா போற. சித்தே வளஞ்சு போ. றெக்கையச் சாச்சு வயித்துக்குக் கீழ பாரு. மேல பாரு. பொடனியப் பாரு. மறுபடி பொடனியப் பாரு. ஒருத்தனச் சுடப் போறப்பவும் கடைசியா ஒருக்கா பொடனியப் பாத்துட்டுச் சுடு. அலுப்புத் தட்டும். தட்டட்டும்.

இனி, சண்டைன்னா சுத்தறதுன்னு நெனச்சுட்டு இருக்கறியே, அதுக்கு வர்றேன். உன்ற க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர் கேம்ல தெனம் நடக்கறது 1940 இங்கிலாந்துச் சண்ட. நீ ஸ்பிட்ஃபயர், அவன் மெஸ்ஸர்ஷ்மிட் 109. சுத்துனா ஸ்பிட்ஃபயர் உள்வட்டம் போடும், அது மெய்தான். அந்த மெய்ய நம்பித்தான் நீ மோசம் போற. ஜாய்ஸ்டிக்க வயித்தப் பாத்து இழுக்கற. இழுக்க இழுக்க றெக்க காத்தோட மல்லுக்கட்டுது, வேகம் கரையுது. வேகம் கரைஞ்சா ஏற முடியாது. திரை கருத்துட்டு வருது, விமானம் வெடவெடன்னு ஆடுது, அப்பயும் விட மாட்டேங்கற. கடைசியில ஒரு றெக்க மடங்குனாப்ல பொட்டுனு சாஞ்சு சுழண்டுட்டுக் கீழ போற. அவன் உன்னயச் சுடவே இல்ல. வெற்றி மட்டும் அவன் கணக்குல ஏறுது.

ஒசரத்த வேகமா மாத்தலாம், வேகத்த ஒசரமா மாத்தலாம். ரெண்டும் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. இம்புட்டுத்தான் சங்கதி. இதச் சொல்றதுக்கு உங்க ஆளுக வச்சிருக்கற பேரு இருக்கே! யோ-யோங்கறான், கத்தரிங்கறான், பீப்பாய்ங்கறான். வேகமா வந்து அவனத் தாண்டிப் போயிருவேன்னு தெரிஞ்சா, மூக்கத் தூக்கி மேல போயி, திரும்பி எறங்கு. அதுக்குத்தான் ஹை யோ-யோன்னு பேரு. பேரு மறந்தா மறக்கட்டும், மேல போறத மறக்காம இரு.

அமெரிக்காவுல ஜான் பாய்டுன்னு ஒரு குசும்புக்காரர் இருந்தாரு. நெல்லிஸ் விமானத் தளத்துல வாத்தியார் வேல. என்ற பொடனிக்குப் பின்னால நீயே வந்து நில்லு, 40 நொடியில நான் உன்ற பின்னால நிக்கறேன், இல்லீன்னா 40 டாலர் வாங்கிக்கன்னு பந்தயம் கட்டுவாராம். அவரும் தாமஸ் கிறிஸ்டின்னு ஒரு கணக்குக்காரரும் சேந்து பிற்பாடு இந்த ஒசரம், வேகம், திருப்பம் எல்லாத்தையும் விமானத்துக்கு விமானம் கணக்காவே போட்டாங்க. அதுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் நேரத்த அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்காமயே எடுத்துக்கிட்டாங்க. நீயும் உங்கப்பன் கேக்காம கம்ப்யூட்டர எடுத்துக்கற. அது வரைக்கும் நீ பாய்டுதான்.

சரி, அந்த 109-காரன் என்ன பண்ணுவான்? விவரமானவனா இருந்தா சுத்த மாட்டான். மூக்கக் கவுத்து வெடுக்குனு கீழ பாஞ்சுருவான். நீயும் அதே மானிக்கு மூக்கக் கவுத்தா உன்ற இஞ்சின் இருமும், ஒரு நொடி அணஞ்சே போயிரும். கேம் பண்ணுனவன் சதின்னு அதுக்கும் புகார் எழுதுவ. அன்னிக்கு நெசமாவே அப்படித்தான் சாமி. உன்ற ஸ்பிட்ஃபயரோட மெர்லின் இஞ்சின்ல கார்புரேட்டர், அவனுதுல நேரடியாப் பெட்ரோல் பீச்சற ஏற்பாடு. விமானம் கவுந்தா கார்புரேட்டர்ல பெட்ரோல் மேலெழும்பிச் சப்ளை கெட்டுப் போயிரும். 1941-ல பியாட்ரிஸ் ஷில்லிங்னு ஒரு அம்மிணி, ஓட்ட போட்ட வாஷர் ஒண்ண வச்சு அந்த இருமல அடக்குனாங்க. பந்தயத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டி ஜெயிச்ச அம்மிணி அது. பெரிய பெரிய ஆபீசருக முழிச்சுட்டு நின்ன எடத்துல ஒரு வாஷர். அந்த வாஷர் வராத ஸ்பிட்ஃபயர ஓட்டறப்ப, விமானத்த மல்லாத்திப் போட்டு, அப்பறம் ஜாய்ஸ்டிக்க இழுத்துக் கீழ எறங்கோணும். இல்லீன்னா எறங்காமயே இருக்கோணும். எறங்காம இருக்கறது இன்னும் நல்லது. ஓடறவன் ஓடட்டும், நீ மேலயே இரு.

உன்ற விமானத்துக்கு என்ன வரும், என்ன வராதுன்னு தெரியாம, வாரத்துக்கு ஒரு விமானம் மாத்தறயே, அத விட்டுரு. ஒண்ணப் புடி. அதுலயே கெட. ஒருத்தனும் இல்லாத வெறும் வானத்துல போயி மெதுவாப் பறந்து பாரு. ஆட்டம் எப்ப வருதுன்னு கவனி, அது றெக்க உனக்குச் சொல்ற சேதி. ஆட்டம் வந்ததும் கைய ஒரு மயிரிழ தளத்து, நின்னுரும். அந்த விளிம்புலயே எவ்வளவு நேரம் ஓட்ட முடியுதுன்னு பாரு. மீட்டர்ப் பலகையில ஒரு உருண்ட அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுமே, அது நடுவுல நிக்கோணும். நிக்கலீன்னா நீ பறக்கல, சறுக்கிட்டுப் போற. வேகமும் போகும், சுடற குண்டும் ஒதுங்கிப் போகும். 109-ல சில மாடல்ல முன்னாடி சுத்தற பங்காவோட கோணத்தக் கூட நீயேதான் மாத்தோணும். மறந்துட்டு மூக்கக் கவுத்தியா, இஞ்சின் அளவு மீறிச் சுத்திக் கருகிரும். இதையெல்லாம் பழகறதுல ஒரு கிளுகிளுப்பும் கெடையாது. வெற்றி எண்ணிக்க ஏறாது. சேத்தாளிகிட்டப் பீத்திக்க முடியாது. அதனாலதான் ஒருத்தனும் பழக மாட்டேங்கறான், அதனாலதான் பழகுனவன் உன்னய வந்து வந்து அடிக்கறான்.

செத்ததுக்கப்பறம் ரீப்ளே போட்டுப் பாக்கறயா? பாக்கறன்னே வையி, நீ சுட்டதத்தான் திரும்பத் திரும்பப் பாப்ப. உன்னய அடிச்சவன் விமானத்துல உக்காந்து பாரு. எவ்வளவு நேரமா அவன் உன்ற பின்னாடி இருந்தான்னு தெரியும். அந்த நேரம் பூரா நீ என்ன பண்ணிட்டு இருந்தங்கறதும் தெரியும். அனேகமா வரைபடத்தப் பாத்துட்டு இருந்திருப்ப.

சுடறதப் பத்திச் சித்தே சொல்லிப்போடறேன். ஸ்பிட்ஃபயர்ல எட்டுத் துப்பாக்கி. ஒவ்வொண்ணுக்கும் 300 குண்டு. விரல எடுக்காம அமுக்குனா 15 நொடியில எல்லாம் தீந்துரும். 109-ல றெக்கையில இருக்கற பீரங்கிக்குத் தலா 60 குண்டுதான், ஏழு நொடி தாங்குனா பெருசு. அந்தப் பதினஞ்சு நொடியயும் நீ ஒரே மூச்சுல, ஒரு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் போறவனுக்குத் தண்ணி தெளிச்சு வழியனுப்பற. மாலன் என்ன சொன்னான்? ஒரு நொடி, ரெண்டு நொடி, அதுக்கு மேல விரல அமுக்காத. றெக்கையில தள்ளித் தள்ளி இருக்கற துப்பாக்கிக எல்லாம் ஒரு தூரத்துல வந்து ஒண்ணாக் கூடும். அவன் அத 250 கெஜத்துல வச்சான். உன்ற கேம்லயும் அந்தத் தூரத்த மாத்தலாம், மாத்தியிருக்கியா? அங்க போயித் தேடு. 109-ஓட றெக்க நுனிக்கு நுனி பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அது குறி பாக்கற கண்ணாடியில பெருசாத் தெரியற வரைக்கும் பொறு. பயமா இருக்கும். அந்தப் பயம் வர்ற எடத்துலிருந்து இன்னும் கொஞ்சம் கிட்டப் போ.

நேருக்கு நேரா வந்து சுடறது மட்டும் வேண்டாம். ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சி பாத்துச் சுட்டா அதுல என்ன தெறமை? சூதாடறதுக்கு இத்தன சாமான் எதுக்கு? போல்கே சொன்னது மேலிருந்து பாயறவன்கிட்டத் தப்பறதுக்கு. நீயாத் தேடிப் போறதுக்கு இல்ல.

அப்பறம், தனியாப் போறது. இதுல உங்களுக்கு ஒரு வீராப்பு. சர்வர்ல உன்ற பக்கம் எத்தன பேரு இருந்தாலும் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தெசையில ஒண்டியாப் போறீங்க. ஒண்டி ஒண்டியாச் செத்து வர்றீங்க. 1941-ல அமெரிக்கக் கடற்படையில ஜான் தாச்சுன்னு ஒருத்தர். ஜப்பான்காரன்கிட்ட ஜீரோன்னு ஒரு விமானம் இருக்குது, நம்ம வைல்ட்கேட் அதுகூடத் திரும்பவும் முடியாது, ஏறவும் முடியாதுன்னு சேதி வருது. மனுசன் புது விமானம் குடுன்னு அழுகல. ராத்திரி ஊட்டு மேசையில தீக்குச்சிய அடுக்கிட்டு உக்காந்தாரு. இந்தக் குச்சி இப்படி வந்தா, அந்தக் குச்சி எப்படி வரோணும்? ரெண்டு ரெண்டாத் தள்ளிப் பறக்கறது, ஒருத்தன் பொடனிக்கு எவனாச்சும் வந்தா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துத் திரும்பறது, தொரத்தி வர்றவன் அடுத்தவன் துப்பாக்கிக்கு முன்னால வந்து நிக்கறது. 1942 ஜூன்ல மிட்வே சண்டையில அதப் பண்ணிக் காட்டுனாரு. எல்லாம் ஒரு தீப்பெட்டிச் செலவு.

ஒரு சேத்தாளியப் புடி. மைக்குல பேசறப்ப "அங்க பாரு, அங்க பாரு"ன்னு கத்தாத. எங்கடா அங்க? வானத்துல எல்லாம் அங்கதான். உன்ற மூக்கு நேரு 12 மணி, பொடனி 6 மணி. மணியச் சொல்லு, ஒசக்கவா கீழயான்னு சொல்லு, வாய மூடு.

தோது இல்லீன்னா கெளம்பு. ஓடறதுக்கு என்ன வெக்கம்? 2020-ல நம்ம சூலூர்ல தேஜஸ் விமானத்தோட மறுபடி தொடங்குன 18-வது படைப்பிரிவு இருக்குதே, அது அந்தக் காலத்துல நேட் விமானம் வச்சிருந்த படை. 1971 டிசம்பர் 14, சிறீநகர். ஓடுதளத்துல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே அந்தப் படையோட நிர்மல் ஜித் சிங் செகோன் மேல ஏறுனாரு. ஒசரம் இல்ல, வேகம் இல்ல, எதிர்ல பாகிஸ்தான்காரனோட சேபர் விமானம் பல. விட்டு வெலகல. சண்டையில உயிர் போச்சு, பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. விமானப்படையில அத வாங்குனவர் அவர் ஒருத்தர்தான். அவருக்குக் கீழ ஊரு இருந்துச்சு. உனக்கு என்ன இருக்குது? சேரு. அவரு நின்ன எடத்துல நின்னாத்தான் வீரம்னு நீ நெனைக்கறது அவருக்கும் மருவாதி இல்ல, உனக்கும் புத்தி இல்ல. குண்டு தீந்துச்சா, ஊட்டுக்கு வா. இஞ்சின் சூடேறுச்சா, ஊட்டுக்கு வா. 1940-ல லண்டன் வரைக்கும் போன 109-காரனுக்கு அங்க சண்ட போடப் பத்து நிமிசப் பெட்ரோல்தான் இருக்கும், மிச்சம் கடல் தாண்டித் திரும்பறதுக்கு. அதுலயும் ஆசப்பட்டு இன்னொரு சுத்துச் சுத்துனவன் இங்கிலீஷ் கால்வாய்த் தண்ணியில எறங்குனான்.

ஊட்டுக்கு வந்தா எறங்கவும் தெரியோணும். நீ ஒருத்தனச் சுட்டதும் எஸ்கேப் பொத்தான அமுக்கிட்டு எந்திரிச்சுப் போயிர்ற. எறங்கிப் பழகு. 109-க்குச் சக்கரம் ரெண்டும் கிட்டக் கிட்ட, கால் வேற சாஞ்சு நிக்கும். தரையத் தொட்டதுக்கப்பறந்தான் அது லொள்ளு பண்ணும், ஒரு பக்கமாச் சுத்தி றெக்கைய மண்ணுல தேய்க்கும். நின்னு முடியற வரைக்கும் ரட்டர விடாத. நாளைக்கு அந்தப் பக்கம் சேந்து பத்துத் தடவ சும்மா எறங்கி ஏறிப் பாரு, ஒருத்தனையும் சுடாம. சுடறதுக்கு ஆளில்லாம எப்படி அப்பாருன்னு மூஞ்சியத் தூக்காத. போ, மொதல்ல அந்தத் தோசத் தட்டக் கழுவி வையி, உங்கம்மா வர்ற சத்தம் கேக்குது.